கோழிப்பண்ணைப் பக்கத்துக் கிணற்றுக்கு ‘நானோ கேட்டலிஸ்ட்’ ஃபில்டர் போடலாமா? ஆன்டிபயாடிக் நிஜமாகவே போகுமா?

பல்லடத்தான்

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் தோட்டம் பல்லடத்துக்குத் தெற்கே. பஞ்சாயத்துத் தண்ணீர் வாரத்தில் சில நாள் வரும், மற்றபடி சமையல், குளியல், மாடு கன்று எல்லாவற்றுக்கும் கிணறும் போரும்தான். கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடைய இரண்டு பிராய்லர் கொட்டகை. ஒவ்வொரு பேட்ச் கோழி ஏற்றின பிறகும் லிட்டரை (கோழி எச்சம் கலந்த தரைப் படுக்கையை) வழித்து எங்கள் வேலியோரமாகக் குவித்து வைப்பார்கள், மழை பெய்தால் அது கரைந்து டீ டிகாஷன் நிறத்தில் கிணற்று மேட்டுப் பக்கம் இறங்கும். இத்தனை வருசமாக யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும். மாத்திரைக்குக் கேட்கவில்லை. யூரின் கல்ச்சர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’, ‘ஆர்’ என்று இருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் எதுவும் அந்தக் கிருமியிடம் எடுபடாதாம். கடைசியில் பெட்டில் சேர்த்து ஊசியில்தான் சரி செய்தார்கள். டிஸ்சார்ஜ் எழுதும்போது டாக்டர் “வீட்டுப் பக்கம் கோழிப்பண்ணை இருக்குதாம்மா?” என்று கேட்டார், அதிலிருந்து என் மனசு கிணற்றையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில் தண்ணீர் ஃபில்டர் விற்கும் ஒருத்தர் வந்தார். கண்ணாடி ஜாடியில் நீலத் தண்ணீர் வைத்து, ஒரு கரண்டி வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கி, பக்கத்தில் புற ஊதா டியூப் லைட்டை எரியவிட்டார். கொஞ்ச நேரத்தில் நீலம் போய் தண்ணீர் தெளிந்துவிட்டது. “இதே நானோ கேட்டலிஸ்ட்தான் ஆன்டிபயாடிக்கையும் உடைக்கும், கோழிப்பண்ணைத் தண்ணீருக்கென்றே செய்தது” என்கிறார். விலை அறுபதாயிரத்துக்கு மேல். பணம் போனால் போகட்டும், வேலை செய்தால் வாங்கிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். இப்படி ஒரு பொருள் நிஜமாகவே இருக்கிறதா, எங்கள் கிணற்றுக்கு ஒத்து வருமா, தண்ணீரில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று எங்கே டெஸ்ட் பண்ணுவது? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கோவை வேதியியல்

தம்பி, முதலில் அம்மா தேறிவிட்டார்கள் என்பது நிம்மதி. நான் கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இந்த வினையூக்கிகளோடுதான் (கேட்டலிஸ்ட், அதாவது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) நாள் முழுக்க இருக்கிறேன். அவர் சொல்லும் பொருள் உண்மையானது. ஆனால் அந்தப் பெட்டியை உங்கள் கிணற்றுக்கு வாங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைப் பொடி அநேகமாக டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர் பெயின்ட்டிலும் பற்பசையிலும் வெள்ளைக்காகப் போடுவார்களே, அதே பொருளின் மிக நுண்ணிய வடிவம். 1972இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதன் மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று காட்டினார்கள், இந்தத் துறைக்கு வித்து அதுதான். புற ஊதா ஒளி பட்டதும் பொடிக்குள் ஓர் எலக்ட்ரான் மேலே தாவுகிறது, அது விட்டுப்போன வெற்றிடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற துடிப்பான துகளை உண்டாக்குகிறது. அது ஓசோனைவிட வீரியமானது, எதிரில் வரும் கரிமப் பொருள் எதுவானாலும் கிழிக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், சல்ஃபா மருந்துகள் எல்லாம் அதற்கு உடையும், அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் என்னவென்றால் அந்த ராடிக்கலுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கூட்டத்துக்குள் கல் எறிந்த மாதிரி, எது அதிகமாக இருக்கிறதோ அதன்மேல்தான் படும். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும், குக்கர் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டரில் 400 மில்லிகிராம் பைகார்பனேட் என்பது நம் ஊர்ப் போர்களில் அதிசயமில்லை. ஆன்டிபயாடிக் இருந்தால் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றே வையுங்கள். எடையில் 4 லட்சத்துக்கு 1. சிப்ரோவோடு ராடிக்கல் பல நூறு மடங்கு வேகமாக வினைபுரியும் என்பது உண்மைதான், அதைக் கணக்கில் சேர்த்தாலும் ஒரே ஒரு ராடிக்கல் சிப்ரோவைத் தொடும்போது ஆயிரக்கணக்கானவை பைகார்பனேட்டிடம் வீணாகப் போய்விடும். இது போக குளோரைடு, இலைதழை அழுகிய சாறு, எல்லாம் பங்குக்கு வரும். ஆய்வுக் கட்டுரைகளில் நன்றாக வேலை செய்கிறதே என்றால், அவற்றில் பெரும்பாலானவை காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 10, 20 மில்லிகிராம் மருந்தைக் கரைத்துப் பார்ப்பவை. அது வேறு தண்ணீர்.

அந்த நீலம் மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும், எல்லா டெமோவிலும் அதுதான். அந்தச் சாயம் பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும், வெளிச்சத்தில் தானாகவே கொஞ்சம் வெளுக்கும், இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறமில்லாத இன்னொரு வடிவத்துக்கும் போய்விடும், அப்புறம் காற்றுப் பட்டால் திரும்ப நீலமாகும். நிறம் போனதை வைத்து மூலக்கூறு அழிந்துவிட்டது என்று சொல்லவே முடியாது. அடுத்த தடவை அவர் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: விளக்கை அணைத்து அரை மணி நேரம் கலக்கியபோது எவ்வளவு குறைந்தது, பொடி போடாமல் விளக்கை மட்டும் போட்டபோது எவ்வளவு குறைந்தது, உங்கள் கிணற்றுத் தண்ணீரில் நிஜ மருந்தைக் கலந்து செய்த ரிப்போர்ட் இருக்கிறதா. இந்த மூன்றும் இல்லாமல் யாரும் கேட்டலிஸ்ட் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சிப்ரோஃப்ளாக்சசினை ராடிக்கல் தாக்கும்போது பெரும்பாலும் முதலில் உடைவது அதன் ஓரத்தில் இருக்கும் பைப்பரசின் வளையம். கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்யும் நடு வளையம் அப்படியே நிற்கும். சோதனைக் கருவி வரையும் கோட்டில் ‘சிப்ரோ’வைக் காட்டும் கூர்முனை காணாமல் போயிருக்கும், ஆனால் தண்ணீரில் மருந்துக் குணம் மிச்சம் இருக்கலாம். அதனால் நாங்கள் சுத்திகரித்த தண்ணீரை இ.கோலை வளரும் தட்டில் விட்டு, கிருமி இன்னும் வளராமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். கிருமி தடையில்லாமல் வளர்ந்தால்தான் மருந்து நிஜமாகச் செத்தது என்று அர்த்தம்.

நொய்யல் கரை

கோவைக்காரர் சொன்னதோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். நான் திருப்பூரில் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவன், ஆய்வுக்கூடம் இல்லை, பம்பும் வால்வும் சேறும்தான் நம் பிழைப்பு. அதனால் செலவுக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இந்த வினையூக்கி வேலை சாயப்பட்டறைக்குப் புதிதில்லை. பெராக்சைடையும் அன்னபேதியையும் சேர்த்தால் அதே ஹைட்ராக்சில் ராடிக்கல் கிடைக்கும். 1894இல் ஃபென்டன் என்கிற வெள்ளைக்காரர் எழுதி வைத்தது. பனியன் துணி வெளுக்கிற பெராக்சைடு கேன்தான், மருந்துக் கடையில் இரும்புச்சத்துக்குக் கொடுக்கிற அதே இரும்பு உப்புதான். மலிவு, விளக்கு வேண்டாம். ஆனால் தண்ணீரை பி.ஹெச் 3க்கு (நல்ல அமிலமாக) இறக்கினால்தான் ஒழுங்காக ஓடும். அவர் சொன்ன 400 மில்லிகிராம் பைகார்பனேட் தண்ணீரை அந்த அளவுக்குப் புளிக்க வைக்க, ஆயிரம் லிட்டருக்கு முந்நூறு நானூறு கிராம் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். வேலை முடிந்ததும் சுண்ணாம்பு போட்டுத் திரும்ப ஏழுக்கு மேல் ஏற்ற வேண்டும். அப்போது இரும்பெல்லாம் செங்காவி நிறத்தில் சேறாக இறங்கும். அதை வடிகட்டி, பிழிந்து, காயவைத்து, மூட்டை கட்டி எங்கே கொண்டுபோய்ப் போடுவது? திருப்பூரில் சேற்று மூட்டை அடுக்கி வைத்திருக்கும் ஷெட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மிச்ச பெராக்சைடு தண்ணீரில் நின்றுபோனால் கழிவின் அளவைக் காட்டும் சி.ஓ.டி டெஸ்ட்டில் பொய்யாகக் கூடுதல் காட்டும், அது தனித் தலைவலி.

இரும்பைத் தண்ணீரில் கரைக்காமல் ஒரு திடப்பொருளின் மேல் பதித்துவிட்டால் சேறு வராது, அமிலமும் குறையும் என்று இப்போது நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அது நல்ல வழி, நானும் அதை எதிர்பார்த்துத்தான் இருக்கிறேன். ஆனால் அதையும் கழிவு பிறக்கும் ஊற்றுக் கண்ணில் வைக்க வேண்டுமே தவிர, கிணற்றடியில் இல்லை. எங்கள் அனுபவம் அதுதான். ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டினது, நொய்யல் வழியாகச் சாயத்தண்ணீர் போய்ச் சேர்ந்து விவசாயி கையே வைக்க முடியாத நீராக ஆனது. அணைக்கு ஃபில்டர் போட்டு யாராவது சரி செய்தார்களா? 2011 ஜனவரியில் ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டு வெளியே விடாத முறைக்கு எல்லோரும் வந்தோம். கழிவு அடர்த்தியாக, குறைந்த அளவில் இருக்கிற இடத்தில் பிடித்தால் பத்து ரூபாயில் முடிவது, ஆற்றில் கலந்த பிறகு லட்ச ரூபாய்க்கும் முடியாது.

பல்லடத்தான்

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். நல்லவேளை அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை. அப்படியானால் வீட்டு ஆர்.ஓ போதுமா? கொதிக்க வைத்தால் மருந்து போகுமா? அம்மாவுக்கு வந்த கிருமி இந்தக் கிணற்றிலிருந்துதான் வந்ததா என்று எப்படியாவது தெரிந்துகொள்ள முடியுமா?

ஈரோடு மைக்ரோ

நான் ஈரோட்டில் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் கல்ச்சர் பார்க்கிறவள். தம்பி, நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயப்படுகிறீர்கள், அதைப் பிரித்துவிட்டால் பாதி பாரம் இறங்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்து ஒன்று. மருந்துக்கு மசியாத கிருமி இன்னொன்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து அநேகமாக அப்படியே நிற்கும். ஆர்.ஓ மெம்பரேன் இரண்டையும் பெரும்பாலும் தடுக்கும், ஏனென்றால் சிப்ரோ மாதிரி மூலக்கூறுகள் உப்பைவிட எவ்வளவோ பெரியவை. ஆனால் தடுத்ததெல்லாம் கழிவுக் குழாய் வழியே வெளியே வரும். அதைத் திரும்பக் கிணற்றடியிலேயே விட்டால் சுற்றிச் சுற்றி அங்கேதான் சேரும்.

அம்மாவுக்கு வந்த கிருமி கிணற்றிலிருந்து வந்தது என்று அந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நீர்க்கடுப்புக்குக் காரணமான இ.கோலை பெரும்பாலும் நம் குடலில் ஏற்கனவே குடியிருப்பதுதான். அது எப்போது மசியாத ரகமாக மாறியது, முன்னே மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் பாதியில் நிறுத்திய மாத்திரையாலா, ஆஸ்பத்திரியிலா, சாப்பாட்டிலா, தண்ணீரிலா, பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வழியில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மேல் அந்தப் பழியைப் போட்டுவிடாதீர்கள். அதே சமயம் டாக்டர் கேட்டது வெறும் பேச்சு இல்லை. கொலிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கையில் எடுப்பது. 2015இல் சீனாவில் பன்றியிலும் இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் அதை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறக் கூடிய மரபணு அது. நம் நாட்டில் 2019 ஜூலையில் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினுக்குத் தடை போட்டார்கள். சரியான முடிவு. அந்த 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமிகளால் உலகத்தில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் தினமும் தட்டில் பார்ப்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

தண்ணீரில் மருந்து மிக மிகக் கொஞ்சமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதை ஒரு வேளை குடிப்பதால் உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கிருமிக்கு அது பயிற்சி. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமைத் தாண்டினாலே மசியாத ரகம் முந்தத் தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒரு பாதுகாப்பு எல்லை போட்டிருக்கிறார்கள். எவ்வளவு சிறிய எண் என்று பாருங்கள்.

உங்கள் கிணற்றுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம், புதுப் பவுடராக இருக்க வேண்டும். நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, முக்கால் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக இழுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இது கிருமிக்கு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி), நைட்ரேட் இரண்டையும் டெஸ்ட் கொடுங்கள். கோழி எரு இறங்குகிறதா என்பதற்கு நைட்ரேட் நல்ல அடையாளம். ஆன்டிபயாடிக் அந்த டெஸ்ட்டில் வராது, உப்பளவு காட்டும் டி.டி.எஸ் மீட்டரிலும் வராது.

கேட்டலிஸ்ட் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ராடிக்கல் கிருமியின் சுவரை முதலில் உடைக்கும், உள்ளே இருக்கும் மரபணுவை உடைக்க இன்னும் நேரம் எடுக்கும். பாதியில் நிறுத்தினால் கிருமி செத்து அதன் மரபணு தண்ணீரில் மிதக்கும், அதை வேறு கிருமி எடுத்துக்கொள்ளலாம். அதனால் ‘99 சதவீதம் கிருமி நாசம்’ என்ற அட்டையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

ராசிபுரம் பண்ணை

நான் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன். எல்லோரும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் பொறுமையாகவே சொல்கிறேன். எங்கே மருந்துப் பேச்சு வந்தாலும் விரல் பண்ணை பக்கம்தான் நீள்கிறது. டவுன் ஆஸ்பத்திரி சாக்கடை எங்கே போகிறது? சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் அசித்ரோமைசின் கொடுக்கும் கடைகளை யார் கேட்கிறார்கள்? முட்டை விலை இறங்கும் வாரத்தில் தீவனக் கடனே கழுத்தை நெரிக்கும்போது யாரும் ஆசைக்கு மருந்து வாங்கிக் கொட்டுவதில்லை. கோழி சாகிறது என்ற பயத்தில்தான் கொடுக்கிறோம். அந்தப் பயத்துக்கு வழி சொல்லாமல் மருந்தை நிறுத்து என்றால் எப்படிங்க?

நாமக்கல் கால்நடை

ராசிபுரத்து அண்ணா, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். நான் கால்நடை மருத்துவர், நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகள்தான் என் வேலை. பயத்துக்கு வழி இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் பண்ணைகளில் மருந்து வீணாகும் முதல் இடம் தண்ணீர்த் தொட்டி. டாக்சிசைக்ளினும் என்ரோஃப்ளாக்சசினும் கால்சியம், மெக்னீசியத்தோடு பிணைந்துகொள்ளும் ஜாதி. நம் உப்புத் தண்ணீரில் கலக்கினால் ஒரு பங்கு கோழியின் ரத்தத்துக்கே போகாது. கோழி தேறவில்லை என்று டோஸைக் கூட்டுகிறோம், அதுவும் எச்சத்தில் வெளியே வருகிறது. ரத்தத்துக்குப் போன என்ரோஃப்ளாக்சசினிலும் ஒரு பங்கு கோழி உடம்பிலேயே சிப்ரோஃப்ளாக்சசினாக மாறித்தான் வெளியேறும். அதாவது அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்த அதே மருந்து. நான் போகும் பண்ணைகளில் முதல் வேலையாக நிப்பிள் லைனை (கோழி தண்ணீர் குடிக்கும் குழாயை) கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொல்வேன். வழுவழுவென்று பாசி மாதிரி ஒட்டும். குடல் நோய்க் கிருமிக்கு அது குடியிருப்பு. பேட்ச் மாறும் இடைவெளியில் லைனை நன்றாகக் கழுவி, தண்ணீருக்கு அளவான குளோரின் கொடுத்து, தடுப்பூசி அட்டவணையைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்ட கொட்டகைகளில் மருந்துச் செலவு தானாகவே இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். மருந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் சாம்பிள் எடுத்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், எல்லாவற்றையும் கலந்து ஊற்றுவதை விட்டுவிடுங்கள்.

பல்லடம் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், கம்பெனி மருந்து. பண்ணைக்காரர் கொட்டகையும் உழைப்பும்தான் கொடுக்கிறார், எந்த மருந்து எப்போது என்பதை சூப்பர்வைசர் சொல்கிறார். அதனால் தம்பி, பக்கத்து அண்ணனிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை. எருவைப் பற்றி மட்டும் பேசுங்கள், அது அவர் கையில் இருக்கிறது.

தென்னைநார்க் கழிவு போட்ட லிட்டரை வெட்டவெளியில் கொட்டி வைப்பதுதான் பெரிய தப்பு. மேட்டில், அடியில் சிமென்ட் தளமோ தடித்த தார்ப்பாயோ போட்டு, சுற்றி ஓர் அடி வரப்பு எடுத்து, மேலே கூரையோ தார்ப்பாயோ போட வேண்டும். ஈரம் சரியாக இருந்து வாரா வாரம் புரட்டிவிட்டால் குவியலுக்குள் 55, 60 டிகிரி வரை சூடேறும், கையை உள்ளே வைக்க முடியாது. அந்தச் சூட்டில் டெட்ராசைக்ளின் வகை சில வாரங்களில் பெரும்பங்கு சிதைந்துவிடும், கிருமியும் அடங்கும். ஃப்ளூரோகுயினலோன் வகை (சிப்ரோ, என்ரோ ஜாதி) அவ்வளவு சீக்கிரம் போகாது, மண்ணோடும் எருவோடும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நாள்பட நிற்கும். ஒட்டிக்கொள்வதால் ஆழத்துக்கு அவ்வளவாக இறங்காது என்பது ஒரு நல்லது. சல்ஃபா வகைதான் மண்ணில் நிற்காமல் தண்ணீரோடு ஓடும், கிணற்றுக்கு உண்மையான கவலை அதுதான்.

கோவை வேதியியல்

கால்நடை டாக்டர் சொன்ன இந்த ஒட்டும் குணம்தான் எங்கள் வேலைக்கும் சாவி. ராடிக்கலுக்கு ஆயுள் நொடியில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு, பிறந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் முடிந்துவிடும். அதனால் மருந்தை முதலில் வினையூக்கியின் மேலேயே ஒட்டவைத்து, அங்கேயே ராடிக்கலைப் பிறக்கவைக்க வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே அருமையான பொருள் இருக்கிறது, காங்கேயம் பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தேங்காய்த் தொட்டிக் கரி. இரும்பு உப்பில் ஊறவைத்துக் காற்றுப் படாமல் சுட்டால், துளைகளுக்குள் இரும்பு பதிந்த குருணை கிடைக்கும். பொடி இல்லை, குருணை. குழாயில் நிரப்பித் தண்ணீரை ஓட்டலாம், காந்தத்தில் ஒட்டும், சுத்திகரித்த தண்ணீரோடு கலந்து போகாது. பெராக்சைடுக்குப் பதிலாக அதே மாதிரி ராடிக்கல் தரும் பெர்சல்ஃபேட் உப்பைக் கொடுத்தால் பி.ஹெச் 3க்கு இறக்க வேண்டிய தேவையும் குறைகிறது. இதே வேலையைக் கோபால்ட் இன்னும் வேகமாகச் செய்யும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியும். ஒரு நஞ்சை எடுக்க இன்னொன்றைச் சேர்ப்பது எனக்கு ஒப்பாது, அதனால் வேகம் குறைந்தாலும் இரும்பு பக்கம்தான் நிற்கிறேன்.

வெயிலையே பயன்படுத்த முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி வேண்டும், வெயிலில் புற ஊதா 5 சதவீதம் அளவுதான். கார்பன் நைட்ரைடு என்று ஒன்று இருக்கிறது, வயலுக்கு வீசும் அதே யூரியாவை மூடிபோட்ட பீங்கான் கிண்ணத்தில் 550 டிகிரியில் சுட்டால் வெளிர்மஞ்சள் பொடியாகக் கிடைக்கும், சுடும்போது அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். இது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் பிடிக்கும். 2025 வேதியியல் நோபல் கிடைத்ததே, உலோகமும் கரிம மூலக்கூறும் கோத்து, துளை நிறைந்ததாகச் செய்யும் அந்த உலோகக் கரிமச் சட்டகப் பொருட்களிலும் நிறைய முயற்சி நடக்கிறது. எல்லாம் நம்பிக்கை தருபவைதான், ஆனால் தோட்டத்துக் கிணற்றுக்கு இன்னும் வரவில்லை.

இப்போதைக்கு எங்கே வைத்தால் பலன் என்றால், நொய்யல் கரை சொன்ன மாதிரி ஊற்றுக்கண்ணில். ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்துக் கம்பெனிகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் கிணற்றுக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கைப் போல முப்பதாயிரம் மடங்கு. அப்படிப்பட்ட குழாயில் ராடிக்கல் இவ்வளவு வீணாகாது. சுவிட்சர்லாந்தில் 2016இலிருந்து பெரிய கழிவுநீர் நிலையங்களில் நுண்மாசுகளை எடுக்கச் சட்டமே இருக்கிறது, அவர்கள் வைத்திருப்பது ஓசோனும் கரியும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பெனிகளே தர வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனமும் ஆன்டிபயாடிக் தயாரிப்புக் கழிவுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. மாசு செய்கிறவர் செலவு செய்யட்டும் என்கிற அந்த முறை இங்கேயும் வர வேண்டும், ஒரு தோட்டக்காரர் அறுபதாயிரம் கடன் வாங்கி ஃபில்டர் போடுவது நியாயமே இல்லை.

பல்லடத்தான்

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று சாயந்திரம் பக்கத்து அண்ணன் வீட்டுக்குப் போய், சண்டை மாதிரி இல்லாமல் அம்மா விஷயத்தைச் சொன்னேன். அவருக்கே அது தெரியாது, சங்கடப்பட்டுவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் குவியலை மேற்குப் பக்க மேட்டுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். தார்ப்பாய் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். ஃபில்டர்காரரிடம் அந்த மூன்று கேள்வியையும் போனில் கேட்டேன், “டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றார், அதன்பின் பேச்சில்லை. கோலிஃபார்ம், நைட்ரேட் டெஸ்ட்டுக்குத் திங்கட்கிழமை கொடுக்கிறேன். மருந்து டெஸ்ட்டுக்கு மட்டும் சாம்பிள் எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்.

கோவை வேதியியல்

அதற்கு எல்.சி.எம்.எஸ் கருவி (துளியூண்டு மருந்தையும் பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகம் வேண்டும், கட்டணம் அதிகம். அதனால் நைட்ரேட் ரிசல்ட் வரட்டும், கூடுதலாக இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், வெளிச்சம் பட்டால் சிப்ரோ பாட்டிலுக்குள்ளேயே சிதையும். பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன்னால் எடுங்கள், குளோரினும் மருந்தை மாற்றிவிடும். நல்ல மழை பெய்து ஓடை ஓடின மறுநாள் ஒரு சாம்பிள், வறண்ட நாளில் ஒரு சாம்பிள், இரண்டிலும் தேதியும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். எனக்குத் தனிச் செய்தியில் ஒரு வரி போட்டால் எந்த ஆய்வகத்தில் சல்ஃபா வகையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.